நெல்மண்டித் தெருவுக்குள் நுழைவது எப்படி

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம் நெல்மண்டித் தெரு என்றேன். அவர் என்னையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரு மொனை வரிக்கும்தான் வருவேன். உள்ள பூர முடியாது. ரெண்டு மாசமா நோண்டிப் போட்டுக் கீறாங்க."

முனை போதும் என்று ஏறிக்கொண்டேன். ஜல்லியும் மணலும் குவிந்து கிடந்த இடத்தில் என்னை இறக்கிவிட்டு, திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவில் வாங்கிய என் சக்கரப்பெட்டி இருபது அடி உருண்டது. பிறகு ஒரு சக்கரம் கழன்று ஜல்லிக்குள் போனது. அதைத் தோண்டியெடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பழச்சாறுக் கடைப் பந்தலுக்குக் கீழே மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையாட்டினாள். மடியில் லேப்டாப். காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன்.

"அண்ணி! இன்னா அண்ணி, ஒரு போன் அடிச்சிருந்தா ஸ்டேஷனுக்கே வந்துருப்பேனே!"

எஸ்தரை நான் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. என் கணவரின் தாத்தாவும் எஸ்தரின் தாத்தாவும் அண்ணன் தம்பி. படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ஒருவர் மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போனார், ஒருவர் இருந்துவிட்டார். இருந்தவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச், போனவர் வீட்டில் வெள்ளிக்கிழமை அம்மன் கோயில். அந்த வழியில் எஸ்தர் எனக்கு நாத்தனார். அஞ்சாறு வருடமாக வாட்ஸப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொள்கிற நாத்தனார்.

நான் வந்தது ஒரு கல் வாங்க. ஈப்போவில் எங்கள் குடியிருப்பிலுள்ள சின்ன அம்மன் கோயிலுக்குப் பலிபீடம் வேண்டும். மாமல்லபுரத்துப் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. கமிட்டியில் சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிற ஒரே ஆள் நான். இருபத்தாறு வருடமாகத் தோசைக்கடை நடத்துகிறவளுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தோசைக்கல்லும் கல்தானே என்று நினைத்திருப்பார்கள்.

"உன் கடைக்குப் போய் உட்காருவோமே" என்றேன், வெயில் தாங்காமல்.

எஸ்தர் லேப்டாப்பை மூடாமல் சொன்னாள்: "கடைக்குத்தான் ஏழு வாரமா நானே போவல அண்ணி."

செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தெருவை நடந்து பார்த்தேன். எஸ்தரின் கணவர் தாஸ் விடியும் முன்பே கிளம்பிவிட்டிருந்தார். கல்பாக்கத்துக்கு ஊழியர் பஸ் ஓட்டுகிறார். "பசியாறியாச்சா?" என்று நான் கேட்டதற்கு எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே அதற்குப் பெயர் நாஸ்தா. முனைக் கடையில் இட்லியும் வடகறியும் வாங்கித் தந்தாள். மிஞ்சிய பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் கொதிக்கவிட்ட குழம்பு அது. மிஞ்சியதை வைத்து இவ்வளவு ருசியாக ஒன்று செய்யலாம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று தொழில்முறையில் வருத்தப்பட்டேன்.

நெல்மண்டித் தெருவில் நெல்மண்டி இல்லை. மண்டி இருந்த இடத்தில் கீழே கல்யாண ஸ்டுடியோ, மாடியில் ஜிம். ரேடியோ ரிப்பேர் பார்த்த கடையில் இப்போது கண்காணிப்பு கேமரா விற்கிறார்கள். தையல் கடை பாதியாகக் குறுகி, மறுபாதியில் மோமோ அவிக்கிறார்கள். ஒரு மூலையில் வெல்டிங் கடை மட்டும் பொறி பறக்க அப்படியே இருக்கிறது. எஸ்தரின் கடையே நாலு தடவை மாறியது. ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு முதலில் கிடைத்தது எஸ்.டி.டி. பூத். பிறகு ஜெராக்ஸ், பிறகு பிரவுசிங் சென்டர், இப்போது ஆன்லைன் விண்ணப்பங்கள்.

"கட ஒண்ணுதான் அண்ணி. ஆளும் நான்தான். போர்டுதான் மாறிக்கினே கீது" என்றாள்.

தெருவையே இப்போது மாற்றுகிறார்கள். மழைநீர்க் கால்வாயை மூடி, மேலே சாம்பலும் சிவப்புமாகப் பேவர் பிளாக் பதித்த அகலமான நடைபாதை. எஸ்தர் கடைப் பக்கம் வேலை முடிந்துவிட்டது, எதிர்ப்பக்கம் பள்ளம் வெட்டியபடி. முடிந்த பக்கம் உண்மையிலேயே அழகாக இருந்தது. ஈப்போவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழியை நாங்கள் அஞ்சடி என்போம். மழையோ வெயிலோ, தெரு முழுவதும் அதிலேயே நடந்துவிடலாம். இங்கே கூரை இல்லை என்பதைத் தவிர அதே சௌகரியம். குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் வண்டிக்குப் பயப்படாமல் நடந்தார்கள். ஒரு பெரியவர் நடுவே நின்று பேப்பரே படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நடைபாதை சாலையிலிருந்து முழங்கால் உயரம். தெருவின் இரண்டு முனைகளிலும் மட்டும்தான் ஏறுவதற்குச் சரிவு. பைக்குகள் ஏறிவிடாதபடி அந்தச் சரிவில் வரிசையாக இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். மனிதர்கள் நுழையலாம். எஸ்தரின் ஸ்கூட்டர் நுழையாது.

சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பியவள் எஸ்தர். கம்பு ஊன்றிப் பத்தடி நடப்பாள், அதற்கு மேல் முடியாது. முன்பெல்லாம் பழைய சாக்கடைக்கு மேலே தானே போட்டுக்கொண்ட சிமெண்ட் சரிவில் வண்டியை ஏற்றி, கடை வாசலிலேயே இறங்குவாள். அந்தச் சரிவை முதல் நாளே இடித்துவிட்டார்கள். முனையிலிருந்து கடைக்கு அறுபது எழுபது அடி. நடைபாதை முடிந்த அன்று நடந்து பார்த்திருக்கிறாள். பாதி வழியில் விழுந்த தழும்பு முழங்கையில் இருந்தது.

அதனால்தான் பழச்சாறுக் கடைப் பந்தல். கடைக்காரர் பாஷா பாய் ஒரு ஸ்டூலும் ஒரு பிளக்பாயிண்டும் கொடுத்திருந்தார். விண்ணப்பம் பதிவு செய்ய லேப்டாப் போதும். ஆனால் ஜெராக்ஸும் பிரிண்டும் பூட்டிய கடைக்குள். அது வேண்டும் என்பவர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயே விண்ணப்பமும் போட்டுவிட்டார்கள். கட்டட உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். கேக் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று அந்த இடத்தைக் கேட்கிறதாம். மாதக் கடைசிக்குள் கடை திறக்காவிட்டால் காலி செய்துகொடு என்று சொல்லிவிட்டார்.

"கம்பத்தை எடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லையா?"

எஸ்தர் முழங்கைத் தழும்பைத் தடவினாள். "கம்பம் வேணும்னு வியாபாரிங்க சங்கத்துலேர்ந்து ஒரு மனு போச்சு பாருங்க, அத டைப் பண்ணதே நான்தான் அண்ணி. 'இருசக்கர வாகனங்கள் ஏறாத வண்ணம் இரும்புக் கம்பங்கள் அமைத்துத் தருமாறு.' ஒரு எழுத்துப் பிழை கெடயாது."

எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. ஈப்போவில் நான் கடை போட்டிருந்த சந்து ஒன்றை அழகுபடுத்தினார்கள். சுவரெல்லாம் ஓவியம், தரையெல்லாம் கல். எங்களை மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏற்றினார்கள். சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மாவு ஆட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, படிக்காமலே போட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தில் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால், இவர்களில் ஒருவராவது மாடியேறி ஒரு தோசை தின்னக்கூடாதா என்று தோன்றும்.

புதன்கிழமை மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வரை ஜன்னலோரம் கிடைத்தது. அங்கே ஏறிய ஒரு மீன்கூடைக்காரம்மா, "கொஞ்சம் ஒத்திக்க, தாயி" என்று என் மடியிலேயே பாதியாக உட்கார்ந்தார். காலிக் கூடைதான். வாசனை மட்டும் நிறைந்திருந்தது.

மாமல்லபுரத்தில் கடைத்தெருவை ஏற்கெனவே மாற்றி முடித்துவிட்டார்கள் போலிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைத்த கடைகளுக்கு நடுவே காபிக்கடைகள்; கறுப்புப் பலகையில் சாக்கட்டியால் எழுதிய விலை. ஒரு ஓட்டலில் கடம்பா என்கிற கணவாயை வறுத்து வெங்காயத்தோடு வைத்தார்கள். பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், மீன் எடுப்பதா பன்னீர் எடுப்பதா என்று முக்கால் மணி நேரம் வாதாடியது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதும் முடிவாகவில்லை.

சிற்பப் பட்டறை சாலையோரம். உளிச்சத்தத்தோடு அறுக்கிற மிஷின் சத்தமும். பட்டறை நடத்தும் குமரேசனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் பலிபீடத்தைப் பற்றிக் கமிட்டி எழுதிக்கொடுத்த தாளை நீட்டினேன். அவர் அதை அப்புறம் பார்க்கலாம் என்பதுபோல் வைத்துவிட்டு, "கோயில் வாசல் அகலம் எவ்ளோம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"அதத்தான் மொதல்ல கேப்பேன். போன வருஷம் ஒரு நந்தி பண்ணேன். அம்சமா வந்துச்சு. கோயிலுக்குப் போனா, வாசல்ல பூரல. செவுத்த இடிச்சாங்க. செஞ்ச நந்திய சின்னதாக்க முடியுமா? அளவு தெரியாம கல்லத் தொடக் கூடாதும்மா."

கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டு, அவர் டேப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி, அளந்து சொல்லும்வரை அங்கேயே நின்றேன். நிற்கும்போது எஸ்தரின் கம்பங்களைப் பற்றி யோசித்தேன். வண்டி நுழையாது என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவுக்கு நுழையாது என்று யாருமே சொல்லவில்லை.

அளவு சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவசரத்தில் புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என்னைக் கல்பாக்கத்தில் இறக்கிவிட்டார். ஊழியர்களும் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாஸுக்குப் போன் செய்தேன். பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தி இறங்கி வந்தார்.

"ஸ்டாஃப் பஸ்ல வெளியாள ஏத்தக் கூடாது அக்கா, வேல பூடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, ஓட்டுநரிடம் என்னைச் சாமான் ஒப்படைப்பதுபோல் ஒப்படைத்தார். "மலேசியாக்காரங்க. திருக்கழுக்குன்றத்துல செங்கல்பட்டு பஸ்ல நீயே ஏத்தி வுடு." பஸ் முழுக்க இருந்த ஊழியர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். மூன்று கைமாறி, இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தேன்.

வியாழக்கிழமை காலையில் தையல் கடைக்காரரிடம் டேப் வாங்கினேன். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இரண்டடி. எஸ்தரின் வண்டி, பக்கச் சக்கரங்களோடு, மூன்றடி இரண்டங்குலம். நான் குனிந்து அளப்பதைப் பார்த்து நடைபாதை போடும் தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். பீகார்க்காரர்கள். அவர்களில் நாற்பது வயதிருக்கும் ஒரு கொத்தனார், வண்டியையும் கம்பத்தையும் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். பாஷா பாய் உருது பேசுகிறவர் என்பதால் அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு.

"இன்னா சொல்றாரு பாய்?"

"'போன மாசமே சொல்லியிருந்தா, சிமெண்ட் ஈரமா இருக்கும்போதே தள்ளி நட்டிருப்பேனே'ங்கறாரு."

கொத்தனார் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டே கையால் பூட்டைத் திறப்பதுபோல் காட்டினார். "கம்பத்தப் புடுங்க வேணாமாம். ஒண்ண அறுத்துட்டு, தரையில ஒரு குழாய எறக்கி, அதுக்குள்ள கம்பத்தச் சொருகிப் பூட்டுப் போட்டுடலாமாம். வண்டி வரும்போது தொறந்து தூக்கிட்டு, போனதும் சொருகிடறதாம். அவுங்க ஊரு மார்க்கெட்ல அப்டித்தான் வெச்சுக் கீறாங்களாம்."

வேலையை மேற்பார்க்கும் எஞ்சினியர் பதினோரு மணிக்கு வந்தார். தூங்காத கண்கள், சட்டையெல்லாம் சிமெண்ட். அடுத்த செவ்வாய்க்கிழமை மேலதிகாரி பார்வையிட வருகிறார், எதிர்ப்பக்கம் பாதிகூட ஆகவில்லை. எஸ்தர் சொன்னதை அவர் நின்று கேட்டார். பிறகு தானே பார்த்துவிடுவோம் என்பதுபோல் வண்டியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். டங்கென்று கம்பத்தில் இடித்தது. இறங்கி, எஸ்தரைப் பார்க்காமல் கம்பத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தப்புதாங்க. டிராயிங்ல சரிவு இருந்துச்சு, சரிவு போட்டோம். வண்டி எவ்ளோ அகலம்னு யோசிக்கல. பூட்டு வெச்ச கம்பம் போட்டுடலாம். ஆனா கம்பம் கேட்டது வியாபாரிங்க சங்கம். எடுக்கறதுக்கும் அவுங்க கையெழுத்து வேணும்."

சங்கத் தலைவர் பாத்திரக்கடை ஜெயராமன். உள்ளூர் விவசாயக் குடும்பம், முப்பது வருடமாக இந்தத் தெருவில் எவர்சில்வர் விற்கிறார். எஸ்தர் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவரைக் கொடுமைக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சாலையில் நின்ற எஸ்தருக்குப் பதில் சொல்ல, கடையை விட்டு இறங்கி வந்தார். இறங்கி வந்ததற்கே நாலு தடவை மூச்சு வாங்கினார்.

"உன் கஷ்டம் எனக்குத் தெரியும்மா. ஆனா நீயே சொல்லு. இந்தக் கம்பம் வர்றதுக்கு முன்னால என் கட வாசல் எனக்கே தெரியாது. வரிசையா பைக்கு. ஒரு புள்ளத்தாச்சி ஸ்டாண்டுல கால் மாட்டி வுழுந்தாளே, நீயும்தான பாத்த? கம்பத்துக்கு நான் ஆபீஸ் ஆபீஸா அலஞ்சேன். ஒரு வண்டிக்கு வழி வுட்டா ஊரே உள்ள வரும்."

"பூட்டுப் போட்டுதான நைனா இருக்கும்?"

"பூட்டு நாலு நாள் இருக்கும். அஞ்சாம் நாள் தொறந்தே கெடக்கும். வேணாம்மா. என்னக் கேக்காத."

அன்று மத்தியானம் எஸ்தர் ஒரு விண்ணப்பமும் போடவில்லை. பாஷா பாய் கேட்காமலே கொடுத்த சாத்துக்குடிச் சாற்றை அப்படியே வைத்திருந்தாள். "தெரு நல்லாதான் அண்ணி கீது" என்றாள் ஒரு தடவை. "எல்லாரும் நல்லா நடக்கறாங்க. அதப் பாக்கறப்ப சந்தோஷமாத்தான் கீது. என்ன மட்டும் மறந்துட்டாங்க பாருங்க, அதான் பேஜாரா கீது."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயராமன் கடைக்குக் கல்யாணச் சீர் ஏற்றிக்கொண்டுபோக மீன்பாடி வண்டி வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், அகலமான பலகை. அண்டா, குத்துவிளக்கு, குடம், பெண்ணின் பெயர் பொறித்த தட்டுகள். சாலையில் பள்ளத்து மண் குவிந்து கிடந்ததால் நடைபாதைதான் வழி; கம்பத்துக்கு வெளியே வண்டி நின்றுவிட்டது. இரண்டு ஆட்கள் தலையில் தூக்கிவந்தார்கள். மூன்றாவது நடையில் பெரிய அண்டா கைநழுவி நடைபாதை விளிம்பில் இறங்கியது. அந்தச் சத்தத்தில் ஜிம்மிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்டா நெளிந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜெயராமன் எஞ்சினியரிடம் போய்ச் சத்தம் போட்டார். எஞ்சினியர் குரலை உயர்த்தவேயில்லை. "தலைவரே, கம்பம் வேணும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. எடுக்கணும்னாலும் எழுதிக் குடுங்க."

நெல்மண்டித் தெருவில் யார் எதை எழுதவேண்டுமானாலும் எஸ்தரிடம்தான் வரவேண்டும். கொஞ்ச நேரத்தில் ஜெயராமன் வந்தார். பந்தலுக்கு வெளியே வெயிலிலேயே நின்றார்.

"ஒரு மனு எழுதணும்மா."

"சொல்லுங்க நைனா."

"சரக்கு வண்டி வந்து போறதுக்கு ஏத்தாப்புல... ஒரு கம்பத்த மட்டும்... பூட்டுப் போட்டு."

எஸ்தர் சிரிக்கவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் டைப் செய்துகொண்டே வாசித்தாள்: "மாற்றுத்திறனாளி வாகனங்களும் சரக்கு வண்டிகளும் சென்று வரும் வகையில்."

"சரக்கு வண்டிய மொதல்ல போடு."

"இல்ல நைனா. இதுதான் மொதல்ல."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பாஷா பாயிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி நிழலில் உட்கார்ந்தார். "சரி, போடு" என்றார். சற்றுப் பொறுத்து, தரையைப் பார்த்தபடி, "நேத்தே நான் போட்டிருக்கணும்" என்றார்.

பிரிண்டர் கடைக்குள் இருந்தது. எஸ்தர் சாவியை என்னிடம் கொடுத்தாள். ஏழு வாரம் பூட்டிய ஷட்டர் மேலே போக மறுத்தது. பீகார்க் கொத்தனார் வந்து ஒரு கை கொடுத்தார். உள்ளே ஈரத் தாளின் வாசனை. நாள்காட்டியில் போன மாதத்துக்கு முந்தைய மாதம். பிரிண்டருக்கு மேலே பல்லி முட்டை. சாலையில் நின்று எஸ்தர் கத்தினாள்: "அண்ணி, பச்ச லைட்டு எரியுதா? எரிஞ்சா ஒண்ணும் பண்ணாதீங்க, செவப்பு எரிஞ்சா மூடியத் தொறந்து மூடுங்க!" சிவப்புதான் எரிந்தது. மூன்று தடவை திறந்து மூடியபிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு மிஷின் ஒரு தாளைத் துப்பியது. அதை நான் முழுவதும் படித்தேன், இரண்டு தடவை. பிறகுதான் ஜெயராமனிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

சனிக்கிழமை வெல்டிங் கடையிலிருந்து குழாய் வந்தது. கொத்தனார் கம்பத்தை அடியோடு அறுத்தார், பேவர் பிளாக்கைப் பெயர்த்தார், குழாயை இறக்கிச் சிமெண்ட் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அது காயட்டும் என்றார்கள். எஸ்தரோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, படாளம் பக்கத்திலிருந்து தாஸ் வாங்கிவந்த தர்பூசணியைப் பங்குபோட்டுத் தின்றோம். கையில் சாறு வழிய எஸ்தர் கவலைப்பட்டது ஒன்றே ஒன்றைப் பற்றி.

"சாவிய யார்ட்ட குடுப்பாங்க?"

நியாயமான கவலைதான். சாவி சங்கத்திடம் இருக்கட்டும் என்றார் ஜெயராமன். ஜெயராமன் கடை திறப்பது பத்து மணி. எஸ்தர் எட்டரைக்கு வருவாள். "தெனம் ஒன்றர மணி நேரம் நான் வெளிய நின்னுக்கினு இருக்கணுமா?" என்று அவள் கேட்டதற்கு, ரெண்டு சாவி போடலாமே என்றார் பாஷா பாய். ரெண்டு சாவி போட்டால் நாலாகும், நாலானால் பூட்டே இருக்காது என்று அதற்கும் ஜெயராமனே தடை. அவர் சொன்னது சரிதான் என்று எஸ்தருக்கே பட்டது. கடைசியில் எஞ்சினியர்தான் முடித்தார். "இந்தத் தெருவுல மொதல்ல வர்றது யாரு? கடைசியா போறது யாரு?" என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் ஒருவர்தான். சாவியை அவளிடமே நீட்டினார்.

திங்கட்கிழமை எனக்கு விமானம் மத்தியானத்துக்கு மேல். காலை எட்டரைக்கு எஸ்தரோடு போனேன். அவள் வண்டியில் உட்கார்ந்தபடியே குனிந்து பூட்டைத் திறந்தாள். நான் கம்பத்தைத் தூக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். நாளையிலிருந்து முனை இட்லிக்கடை ஆள் தூக்கித் தருவதாகப் பேச்சு. அவள் மெதுவாக ஏற்றினாள். பக்கத்துக் கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. கடை வாசலில் நிறுத்தி, கம்பை ஊன்றி இறங்கி, நாலடி நடந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். நான் கம்பத்தைச் சொருகிப் பூட்டிவிட்டு வந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் கீரை விற்ற பெண்ணுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே ஈகூட வருவதில்லை என்று அவர் கூடையோடு திரும்பி வந்து ஒளிந்து விற்கிறார். கட்டட உரிமையாளர் எஸ்தருக்கு இன்னும் பதினோரு மாதம் என்றிருக்கிறார், அதற்குப் பிறகு தெரியாது. கேக் கம்பெனி ஆட்கள் அதே காலையில் வந்து பக்கத்துக் கடையை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களாவது அளக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்குள் கடையில் நாலு பேர். முதியோர் ஓய்வூதியம், ஒரு சாதிச் சான்றிதழ், காலேஜ் விண்ணப்பம் இரண்டு. அன்று முகூர்த்த நாளோ என்னவோ, ஜெயராமன் வழக்கத்தைவிட முன்னதாகவே கடை திறந்திருந்தார். முனையில் மீன்பாடி வண்டி மணியடித்தது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எஸ்தர் கடை வாசலுக்கு வந்து நின்றார்.

"எஸ்தரு, சாவியக் கொஞ்சம் குடும்மா. வண்டி வந்துகினு கீது."

எஸ்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்து ரேகைக் கருவிமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க நைனா. முன்னால மூணு பேர் கீறாங்க."

அவர் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை இறக்கிவிட்டார். பெஞ்சில் காலேஜ் விண்ணப்பத்துக்கு வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டார்.